புற்றுமண்ணுக்கு அடியில்

எலுமிச்சை விஷயத்தில் வெள்ளத்துரையை யாராலும் ஏமாற்ற முடியாது. சங்கரன்கோவிலில் வீடு, புளியங்குடி மார்க்கெட்டில் தரம் பார்க்கிற வேலை. மூட்டையின் மேலே பளபளவென்று பழத்தை அடுக்கி, அடியில் அழுகலைத் திணித்துக்கொண்டு வருகிற சாமர்த்தியசாலிகள் எந்தக் காலத்தில்தான் இல்லை? அவர் மேல்பழத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியில் கிடப்பதை அள்ளி முகர்ந்து பார்ப்பார். "நீரு சொன்னா சரியாத்தான்வே இருக்கும்" என்று சொல்லி வியாபாரி விலையை வைப்பான். அந்தப் பேச்சில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்கட்டுமே, பாடுபட்டு வாங்கின பேர்தானே.

பெண்சாதி ஆறுமுகத்தாய். பிள்ளைகுட்டி கிடையாது, அவருக்கு அவள், அவளுக்கு அவர். எண்பத்து மூன்றாம் வருஷம் ஆடி மாசம் அவளுக்கு மஞ்சள்காமாலை கண்டது. கீழாநெல்லியை அரைத்துக் குடித்தும் கேட்கவில்லை. சோத்து வாடையே ஆகாமல், ஆள் துவண்டு போன பிறகுதான் டாக்டர் சங்கரபாண்டியின் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

ரெண்டாம் தடவை ரத்தம் எடுத்துப் பார்த்தபோது மஞ்சள் அளவு இறங்கியிருந்தது. வெள்ளத்துரைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. டாக்டர் முகம்தான் தெளியவில்லை. கிருமி ஈரலைப் பிடித்திருக்கிறது, ரத்தத்தை உறைய வைக்கிற சத்து ஈரலில்தான் ஊறுகிறது, குழாயில் எடுத்த ரத்தம் இன்றைக்கு உறையக் கொஞ்சம் தாமதமாகிறது என்று பொறுமையாக விளக்கினார். மஞ்சள் இறங்கியதை நம்பக் கூடாதாம். ஆள் தேறுமா தேறாதா என்பதை ரத்தம் உறைகிற நேரம்தான் சொல்லுமாம். ரத்தம் சோதிக்கிறவரோ கோவிலில் ஆடித்தபசுத் திருவிழா என்று கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பிவிட்டார். இனி மறுநாள் காலையில்தான் சோதனை.

"ஊசி குத்துன எடத்தப் பாத்துக்கிட்டே இருங்க, அண்ணாச்சி" என்றார் டாக்டர். "ரத்தம் நிக்காம கசிஞ்சா உடனே சொல்லுங்க. இன்னைக்கே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிருதேன்."

மத்தியானத்துக்கு மேல், ஊசி குத்தின இடத்தில் வைத்திருந்த பஞ்சு சிவந்தது. எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டாமா? பாவி மனுஷன், சொல்லவில்லை. தேள் கொட்டினாலும் சிரங்கு வந்தாலும் இந்த ஊரில் முதல் மருந்து கோமதியம்மன் கோவில் புற்றுமண்தான். காலையில் கும்பிட்டுவிட்டு வாங்கி வந்தது மடியில் இருந்தது. பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மண்ணைத் தண்ணீரில் குழைத்து அந்த இடத்தில் கனமாக அப்பினார். கொஞ்ச நேரத்தில் மேலே காய்ந்து வெளுத்தது, சிவப்பைக் காணோம். தாயே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் டாக்டர் அவசர அவசரமாகச் சுற்றி வந்தார். ஆறுமுகத்தாயின் கை போர்வைக்குள் இருந்தது. கசிந்ததா என்று கேட்டார். நின்றுவிட்டது என்றார் வெள்ளத்துரை. பொய் சொல்லவில்லை, மனசார நம்பித்தான் சொன்னார். டாக்டரும் நம்பிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

அவர் போன பிறகு ஆறுமுகத்தாய் கண்ணைத் திறந்தாள். "கையி ஈரமா இருக்காப்ல இருக்கு" என்றாள்.

"அது மண்ணு ஈரம்ட்டி. ரத்தம் அப்பமே நின்னுட்டு."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

விடியும்போது ரத்தமாக வாந்தி எடுத்தாள். ஓடி வந்த டாக்டர் கையைப் பிடித்துப் பார்த்து, மண் பொருக்கைப் பெயர்த்தார். அடியில் ரத்தம் உறையவே இல்லை, தண்ணீராக நின்றது. கைமடிப்பு முழுக்கக் கன்றிக் கறுத்திருந்தது. டாக்டர் உடனே வேன் பிடிக்கச் சொன்னார். பாளையங்கோட்டை போகிற வழியில், வன்னிக்கோனேந்தல் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

முந்தின நாளே போயிருந்தாலும் பிழைத்திருப்பாள் என்று உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் பிறகு ஆறுதல் சொன்னார். பிழைத்திருக்க மாட்டாள் என்றும் அவரால் உறுதி சொல்ல முடியாதே! அம்மன் மேல் வெள்ளத்துரைக்குக் கோபமில்லை. ஊரார் மூட்டைக்கெல்லாம் அடியில் கைவிட்டுப் பார்த்தவர், அந்தக் காசளவு மண்ணை மட்டும் பெயர்த்துப் பார்க்கவில்லை. அந்த நினைப்பு அவரைச் சோறு தின்ன விடவில்லை.

கொஞ்ச நாளில் மார்க்கெட்டுக்குத் திரும்பினார். இப்போது கைவிட்டுப் பார்ப்பதோடு நிற்பதில்லை. ஒவ்வொரு மூட்டையையும் தரையில் கொட்டிப் பார்க்க வேண்டும். நேரமாகிறது என்று வியாபாரிகள் முணுமுணுத்தார்கள். ராயகிரியிலிருந்து வருகிற மருதப்பன் என்ற வியாபாரி ஒருநாள் இரக்கப்பட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"கொட்ட வேண்டாம், அண்ணாச்சி. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

வெள்ளத்துரை அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அப்படிச் சொல்லாதீரும்வே" என்றார். "அப்படிச் சொல்லித்தான் அவ கண்ண மூடுனா."

பிறகு எழுந்து, மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார்.