சித்தியின் மல்லிகைப்பூக் கட்டு

என் வாயில் எதுவும் தங்காது. சித்தி இன்றைக்கும் விருந்தாளிகளிடம் என்னை "எங்க ஓட்டவாய்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறாள். அந்த வாய் வாழ்நாளில் ஒரே ஒருமுறை உருப்படியாகத் திறந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது.

சித்தி அம்மாவின் தங்கை. அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. சித்தப்பா போர்வெல் லாரியோடு வடக்கே போயிருந்ததால், ஓமலூர் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பாப்பாவுக்கு நான்கு மாதம் ஆனபோது சித்திக்கு ஒரு பக்க மார்பு சிவந்து வீங்கியது. பால் கட்டிக்கொண்டது என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். எங்கள் பக்கத்தில் அதற்குக் கைகண்ட மருந்து மல்லிகைப்பூ. மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினால் பால் வற்றி வீக்கம் அடங்கிவிடும் என்பார்கள்.

எனக்கோ ஒரே கொண்டாட்டம்! தினமும் காலையில் பூந்தோட்டத்துக்கு ஓடிப் பூ வாங்கி வருவது என் பொறுப்பு. கட்டியதுபோக மிச்சமெல்லாம் என் தலைக்கு. மூன்று வாரம் வகுப்பில் என்னளவு பூ வைத்தவள் ஒருத்தியும் இல்லை. வீக்கம் அடங்காமலே இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன், பாவி.

அடங்கவும் இல்லை. மருந்துக்கடை மாத்திரைக்கும் அசையவில்லை. வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாது என்று அம்மா என்னை மட்டும் தனியாக மிரட்டி வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து, பாப்பாவுக்கு எடை பார்க்க நர்சம்மா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறதா என்று அவர் கேட்டதுதான் தாமதம், நான் முந்திக்கொண்டேன்.

"ஒரு பக்கந்தானுங்க குடிக்குது. இன்னொரு பக்கம் சித்திக்குச் சாத்துக்குடித் தோலாட்டம் குழி குழியா இருக்குதுங்க!"

நறுக்கென்று தலையில் ஒரு குட்டு விழுந்தது. சித்தி வெட்கத்தில் தலை கவிழ்ந்தாள். நர்சம்மா சிரிக்கவில்லை. சித்தியை உள்ளே அழைத்துப்போய்க் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"தோலு தடிச்சிருக்குது, காம்பு உள்வாங்கியிருக்குது. காய்ச்சலும் இல்ல, மாத்திரைக்கும் கேக்கல. புத்துநோயா இருந்தாலும் இப்படிக் காட்டுமுங்க. நாளைக்கே சேலத்துல பெரிய டாக்டர்கிட்டக் காட்டோணும்."

அம்மா பதறிப்போனாள். "கட்டியே இல்லீங்களே! இந்த வயசுல அதெல்லாம் வருமுங்களா?"

"கட்டி இல்லாமயும் வருமுங்க. சின்ன வயசுல வந்தா சில நேரம் வேகமாவும் பரவுமுங்க."

"அவ ஊட்டுக்காரரு இருபது நாள்ல வந்துருவாருங்க. வந்ததும் கூட்டிட்டுப் போறமுங்க."

"அது இருபது நாள் காத்துக்கிட்டு இருக்காதுங்க."

அதுவரை எதற்கும் அக்கா பேச்சை மீறாத சித்தி அன்றைக்கு வாயைத் திறந்தாள். "அக்கா, நாளைக்கே போலாம்."

அடேயப்பா, அந்தப் பயணம்! வாடகைக் கார், பள்ளிக்கு மட்டம், எனக்கு ஜன்னலோரம். பாப்பாவைத் தூக்கி வைத்திருக்க ஆள் வேண்டுமே, அதனால் நானும் போனேன். வழியெல்லாம் லாரிகளை எண்ணிக்கொண்டே வந்தேன். முதல்நாள் ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முடிவு கேட்க மறுபடி கார், மறுபடி மட்டம். இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு?

அன்றைக்கு டாக்டர் அறைக்குள் அம்மாவும் சித்தியும் வெகுநேரம் இருந்தார்கள். அது புற்றுநோயேதான், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்று அவர் சொன்னதெல்லாம் நான் பெரியவளான பிறகு கேள்விப்பட்டது. அப்போது நான் வெளியே பாப்பாவுக்கு மின்விசிறியைக் காட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பும் வழியில் ஒரு பலகாரக் கடையில் அம்மா தட்டுவடை செட் வாங்கித் தந்தாள். சித்தி ஒன்றைக்கூடத் தொடாமல் தன் தட்டையும் என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு தட்டையும் ஒரு கை பார்த்துவிட்டு, சேலத்துக்கு மறுபடி எப்போது வருவோம் என்று கேட்டேன்.

சித்தி பாப்பாவை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"மூணு வாரத்துக்கு ஒருக்கா மருந்தேத்த வரோணும் சாமி. ஆறு மாசத்துக்கு."

"ஐ! அத்தன லீவா?" என்று கைதட்டிக் குதித்தேன். கையலம்பி வருகிறேன் என்று எழுந்துபோன அம்மா ஏன் அவ்வளவு நேரம் திரும்பி வரவில்லை என்பது எனக்குப் புரியவே இல்லை.