லவான் எடுத்த ஸ்பானிய வகுப்பு

எங்கள் மலைப்பக்கத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கிற குடும்பங்கள் நிறைய. வியாழக்கிழமையானால் அத்தனை பேரும் தேவாலயச் சபையின் நிலவறையில் கூட்டு வகுப்புக்குக் கூடிவிடுவார்கள். அந்த நிலவறைக்குக் கான்கிரீட் ஊற்றியது நான்தான். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் போட்ட தளம், இன்றுவரை ஒரு கீறல் விடவில்லை. அங்கே நடப்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. லவான் கெச்சம் என்கிறவள் மாட்டிக்கொண்ட கதையை என்னைப்போல் ஒழுங்காகச் சொல்ல இங்கே ஆள் கிடையாது.

கூட்டு வகுப்பில் ஒரே சட்டம்தான். ஒவ்வொரு தாயும் ஒரு பாடம் எடுக்க வேண்டும். எடுக்காதவளின் பிள்ளைக்கு எந்த வகுப்பிலும் இடமில்லை. வசந்த காலத்தில் ஒருநாள் பாடங்களின் பெயரை அட்டைகளில் எழுதி மேஜையில் பரப்புவார்கள். முந்தி வருகிறவளுக்குப் பிடித்தது கிடைக்கும். அன்று பார்த்து லவானின் ஆடு குட்டி போட முடியாமல் திணறியது. முழங்கைவரை கையை விட்டுக் குட்டியைத் திருப்பி எடுத்து, கழுவிக்கொண்டு ஓடி வந்தபோது மிஞ்சியிருந்தது ஒரே அட்டை. உயர்நிலை வகுப்புக்கு ஸ்பானிய மொழி.

"சிஸ்டர், எனக்கு ஸ்பானிஷ்ல பத்து வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதுலயும் ஏழு அப்பப்ப மறந்துபோயிடும்" என்றாள் லவான்.

மார்லிஸ் ஆக்டன் சிரித்தாள். சபைப் பெண்கள் ஒருவரையொருவர் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கூட்டு வகுப்பை நடத்துகிறவள் அவள். முன்பு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவள். வேதியியல் எடுக்க அவளைவிட்டால் ஆள் இல்லை. "புத்தகம் சொல்லிக்குடுக்கும்மா, நீ பக்கத்துல நின்னா போதும். வேணாம்னா இப்பவே சொல்லிடு. டெலைனாவோட இடத்துக்கு ரெண்டு பேரு காத்துக்கிட்டு இருக்காங்க."

டெலைனா லவானின் மூத்த மகள். நர்ஸ் ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவள். வேதியியல் இல்லாமல் நர்ஸ் கல்லூரி உள்ளேயே விடாது. லவான் அட்டையை எடுத்துக்கொண்டாள்.

கோடை முழுக்க அவள் சமையல் மேஜையில் மூன்று பாடத்திட்டங்களின் மாதிரிகள் கிடந்தன. ஒன்று முழுக்க இணையத்தில் ஓடுவது. நிலவறையில் சிக்னல் எட்டிப்பார்க்காது, அது தள்ளுபடி. இன்னொன்றில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். குறுந்தகடு பேசும், தாய்க்குத் தனியாக விடைப் புத்தகம். மூன்றாவது கதைப் புத்தகம். அதில் தாயே வாய் திறந்து ஸ்பானியத்தில் கதை சொல்ல வேண்டும், பிள்ளைகள் பதில் பேச வேண்டும். மொழி வரவேண்டுமானால் அதுதான் வழி என்று லவானுக்குப் புரிந்தது. முதல் பக்கத்தை உரக்கப் படித்துப் பார்த்தாள். நாக்கு மரக்கட்டையாகக் கிடந்தது.

"கோழி ஃபேக்டரில என்கூட நிக்கிற பாதிப்பேரு ஸ்பானிஷ்தான். ஒரு மாசம் வந்து கோழி வெட்டு, தன்னால வந்துடும்" என்றான் கணவன் ட்வைட்.

"நீ கல்யாணத்துக்கு முன்னாடியிருந்து வெட்டுற. உனக்கு என்ன வந்துச்சு?"

"ரெண்டு வார்த்தை வந்துச்சு. சபையில சொல்ல முடியாது."

சிரித்தாலும் அவளுக்குப் பொறி தட்டியது. ஞாயிறு மதியம் அதே நிலவறையில் ஸ்பானிய ஜெபக்கூட்டம் நடத்தும் யெசேனியா இருக்கிறாளே! மார்லிஸிடம் ஓடினாள். "வகுப்ப அவங்க எடுக்கட்டும் சிஸ்டர். பதிலுக்கு வருஷம் பூரா நிலவறையை நான் கூட்டிப் பெருக்குறேன்."

"அவ பிள்ளைங்க ஸ்கூல் பஸ்ல போகுதுங்க லவான். வீட்டுல படிக்கவைக்கிற அம்மாங்கதான் இங்க எடுக்கலாம். சட்டம் நான் போட்டதா என்ன?"

போட்டவள் அவள்தான்.

லவான் வீட்டுக்கு வந்து கதைப் புத்தகத்தை மறுபடி கையில் எடுத்தாள். டெலைனா அதைப் பிடுங்கி மூடினாள்.

"இத எடுத்தா முதல் வாரமே உன் குட்டு உடைஞ்சிடும்மா. அப்புறம் மார்லிஸ் ஆன்ட்டி என்னையும் சேத்துத் துரத்திடுவாங்க. அந்த விடைப் புக்கையே வாங்கும்மா."

"அதுல படிச்சா உனக்கு ஒரு வார்த்தை வராதுடி."

"எனக்கு கெமிஸ்ட்ரி வந்தா போதும்."

விடைப் புத்தகம் உள்ளதையே வாங்கினாள்.

இலையுதிர் காலத்தில் வகுப்பு தொடங்கியது. குறுந்தகடு பேசியது, பிள்ளைகள் நிரப்பினார்கள், லவான் விடைப் புத்தகத்தை மடியில் மறைத்துவைத்துத் திருத்தினாள். எல்லோருக்கும் ஏ கிரேடு. ஒரு வியாழன், ஞாயிறு கூட்டத்தில் காபிப் பாத்திரத்தின் மூடியை விட்டுவிட்டுப் போன யெசேனியா அதைத் தேடி வந்தாள். சுவரில் ஒட்டியிருந்த ஸ்பானியப் படங்களைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துபோனது. பிள்ளைகளைப் பார்த்து ஸ்பானியத்தில் ஏதோ கேட்டாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மார்லிஸின் மகன் பிராக் பென்சிலைக் கடித்தான். எல்லோரும் லவானைப் பார்த்தார்கள். லவான் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். யெசேனியா ஒரு கணம் அவளையே பார்த்தாள். பிறகு பக்கத்து அலமாரியில் தானே தேடி மூடியை எடுத்துக்கொண்டு படியேறினாள். கேட்டது மூடியைத்தான் என்று அப்போதுதான் லவானுக்குத் தெரிந்தது.

ஆண்டு முடிவில், இந்த ஒரு வருடத்தோடு தலைமுழுகிவிடலாம் என்றிருந்தாள். கடைசி வகுப்பன்று மார்லிஸ் வண்டி நிறுத்துமிடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"பிராக்குக்கு வருஷம் பூரா ஏ! நீ சும்மா பயந்த பாரு. காலேஜ்ல ஒரே மொழிய ரெண்டு வருஷம் படிச்சிருக்கணும்னு கேப்பாங்க, தெரியும்ல? ரெண்டாம் வருஷப் புத்தகம் எல்லாருக்குமா நானே வாங்கிட்டேன், உனக்கு அலைச்சல் வேணாம்னு. நானும் அடுத்த வருஷம் உடற்கூறு பாடம் எடுக்கிறேன். டெலைனாவுக்கு நர்ஸ் ஆக அது இல்லாம முடியாதே."

தன் வேனிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றாள் மார்லிஸ். அவளுக்குப் பின்னால் டெலைனா, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைங்க சிஸ்டர்" என்று லவான் தன் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டாள்.