முதலில் ஓடியவன்

சுனாமி வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. இலங்கையின் கிழக்குக் கரையில் இருக்கும் எங்கள் கல்முனையில் யாராவது ஓடினால், காரணம் கேட்காமல் எல்லோரும் ஓடிய காலம்.

நான் வீட்டிலிருந்து கணினி நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். வேறொரு நிரல் இடையில் செயலிழந்து விழுந்தால், எந்தப் பகுதி எதைக் கூப்பிட்டதால் விழுந்தது என்ற அழைப்பு வரிசையைப் பிடித்து, கடைசியிலிருந்து முதல்வரை ஒழுங்காகத் திரையில் காட்டவேண்டும். பல வாரம் அடம்பிடித்த என் நிரல் அன்று அதைச் சரியாகக் காட்டியது. அடுத்த தெரு நண்பனிடம் சொல்ல, செருப்பும் போடாமல் ஓடினேன்.

திரும்பிப் பார்த்தால் பின்னால் ஊரே ஓடி வருகிறது. கடல்தான் வருகிறது என்று நானும் வேகத்தைக் கூட்டினேன்.

வயலோரத்தில் நின்று மூச்சு வாங்கினோம். கடல் வரவில்லை.

"முதல்ல ஓடினவன் ஆரெண்டு தெரிஞ்சா முதுகுத் தோல உரிப்பன்!" என்றார் மீன் விற்கும் காசிம் காக்கா, ஊருக்கே அண்ணன்.

தொழில் புத்தி விடவில்லை. நானே விசாரணையில் இறங்கினேன். காக்கா தையல்காரரைப் பார்த்து ஓடியிருந்தார். தையல்காரர், என் பக்கத்து வீட்டு பரீதா ராத்தாவைப் பார்த்து. அந்த அக்காவின் கையில் இன்னும் அகப்பை இருந்தது.

"உங்களப் பாத்துத்தானே தம்பி நான் ஓடினன்!"

இவ்வளவு சுத்தமான அழைப்பு வரிசை என் திரையில்கூட வந்ததில்லை. முதுகைத் தயாராக வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"அப்ப கடல் வரல்லையா?" என்றார் காக்கா.

"இல்ல காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்! இனிச் சந்தோசம் வந்தா நடந்து போங்க."

எல்லோரும் சிரித்தோம். ஆனாலும் கடற்கரைப் பக்கம் இருந்த வீடுகளை நோக்கி முதல் அடி எடுத்துவைக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. நான் முன்னால் நடந்தேன். அந்த அளவாவது நான் செய்யவேண்டியிருந்தது.