நீலக் கரைத் துண்டு

எங்கள் குற்றாலம் லாட்ஜில் தரை துடைக்கிற துணியின் ஓரத்தில் இன்னும் நீலக் கரை தெரிகிறது. ஒரு காலத்தில் அது குளியல் துண்டு. எண்ணெய் தேய்த்து அருவியில் நின்று வருகிறவர்கள் துடைத்துத் துடைத்து மஞ்சளாகிப் போனதை, விற்ற வியாபாரியிடமே திருப்பிக் கொடுப்போம். அவர் மடித்துத் தைத்து மாப்புத் துணியாகக் கொண்டுவருவார். அந்த ஏற்பாடு எங்கள் பர்ச்சேஸ் அக்காவுடையது.

லாட்ஜுக்கு வேண்டியதையெல்லாம் வாங்குவது அவர் பொறுப்பு. துவைப்பும் அறைச் சுத்தமும் என்னுடையது. யார் என்ன விற்க வந்தாலும், விலைக்கு முன்னால் அக்கா கேட்பது ஒன்றுதான்: "அண்ணாச்சி, நைஞ்சு போனா திரும்ப எடுத்துக்கிடுவியளா?" மெத்தைக்காரர் ஒத்துக்கொண்டார், சீசன் முடிந்ததும் இலவம்பஞ்சைப் பிரித்து அடித்துப் புது உறை போட்டுத் தந்தார். எலுமிச்சை கொண்டுவரும் புளியங்குடிக்காரர் காலிச் சாக்கை மறுநடையிலேயே எடுத்துப்போனார். பழக்க தோஷத்தில் ஒருமுறை பிறந்தநாள் கேக் கொண்டுவந்தவரிடமும் அக்கா இதையே கேட்டுவைத்தார். "தின்னு மிஞ்சுனதையா அக்கா?" என்று அந்த மனிதர் முழிக்க, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது. மதியச் சோற்றை நாங்கள் இருவரும் துண்டு அடுக்கும் அறையில்தான் உண்போம். என்னைத் தேட வீட்டில் யாருமில்லை, அக்காவைத் தேடவும் இந்த ஊரில் யாருமில்லை. அந்த அரைமணி நேரம்தான் எங்களுக்குக் குடும்பம்.

வயதாகிவிட்டது என்று மாலை போட்டு அவரை அனுப்பிவைத்தார்கள். சென்னையில் தம்பி வீட்டுக்குப் போனார். அடுத்த சீசனில் போன் வந்தது. "ஏட்டி, அங்கன சாரல் விழுதா?" என்றவர், அதோடு, "முதலாளிட்ட கேட்டுப் பாரேன். என்னையத் திரும்ப எடுத்துக்கிடுவாவளாட்டி?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்வியை அக்கா ஒருநாளும் விளையாட்டாகக் கேட்டதில்லை.

ஓடிப்போய்க் கேட்டேன். முதலாளி கையிலிருந்த செல்போனைக் காட்டினார். "எல்லாம் இதுலயே வந்துருதும்மா. வாங்குததுக்குத் தனியா ஆளு எதுக்கு?" அதை அக்காவிடம் போனில் சொன்னேன். "சரிட்டி. நீ சாப்பிட்டியா?" என்றார். அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இப்போது துண்டுகள் அட்டைப்பெட்டியில் வருகின்றன. எண்ணெய் ஏறியதும் குப்பைக்குப் போகின்றன. போன வாரம் பெட்டி இறக்கிய வண்டிக்காரரிடம் என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "நைஞ்சு போனா திரும்ப எடுத்துக்கிடுவியளா?"

"இறக்கிப் போட மட்டுந்தான் சொல்லிருக்காவ, அக்கா."

வெளியே சாரல் பிடித்திருந்தது. மாப்புத் துணியை, அந்த நீலக் கரை கிழிந்துவிடாமல் மெதுவாகப் பிழிந்து, கொடியில் விரித்தேன். பிறகு துண்டு அறைக்குப் போய்ச் சோற்று டப்பாவைத் திறந்தேன். அக்கா உட்காரும் இடத்தில் பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள்.