சகலைக்குக் கிடைத்த பிழைக்காசு

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவருக்கு நாணயப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்பே பிடித்துவிட்டது. கல்லாவில் விழும் சில்லறையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பழைய செப்புக் காசுகள் ஒரு பெட்டி நிறையச் சேர்ந்தன. ஆனால் அச்சடிக்கும்போதே கோளாறாகிப்போன பிழைக்காசு ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஊரார் கண்ணையெல்லாம் சரிபண்ணி அனுப்புகிறவரின் கண்ணில் மட்டும் அது படவேயில்லை.

அந்த ஏக்கத்தில் இருந்தவரிடம்தான் சகலை வந்து சேர்ந்தார். மனைவியின் தங்கை புருஷன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போன வருஷம்வரை காசைச் செலவழிக்க மட்டுமே தெரிந்த ஆள், இவரைப் பார்த்துத்தான் சேர்க்க ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்தார்.

“பெட்ரோல் பங்க்ல மீதிச் சில்லறையா குடுத்தாங்கண்ணா. என்னமோ கோணலா இருக்கு. நீங்கதான் பாத்துச் சொல்லணும்.”

படம் நடுவில் இல்லாமல் ஓரத்துக்கு நழுவியிருந்தது; இன்னொரு ஓரத்தில் வெறும் உலோகம். பூதக்கண்ணாடியை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சின்னத் தராசில் வைத்தார். யாராவது வெட்டியோ அராவியோ ஏமாற்றியிருந்தால் எடை குறைந்திருக்கும், குறையவில்லை. விளிம்பில் அரத்தின் கீறல் எதுவும் இல்லை. எழுத்துகள் வெளிப்பக்கமாக இழுபட்டிருந்தன. சந்தேகமே இல்லை, நாணயச்சாலையிலேயே நேர்ந்த பிழை. அசல்.

வயிறு பற்றி எரிந்தது. தவம் கிடந்தவன் நான், வரம் இவனுக்கா? மீதிச் சில்லறையைக் குனிந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொள்கிற மனுஷனுக்கா?

போலி என்று சொல்லிவிடலாம். ஆனால் சகலை வேறு யாரிடமாவது காட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைவிட நல்ல வழி ஒன்று தோன்றியது. காசு சேர்க்கிறவர்கள் செய்யவே கூடாத பாவம், காசைத் தேய்த்துக் கழுவுவது. மேலே படிந்த பழைய நிறம் போனால் மதிப்பும் கூடவே போய்விடும். விவரம் தெரிந்தவன் எவனும் அதைத் தொடமாட்டான்.

“ஒரே அழுக்கா இருக்கு சகலை, இப்படிப் பாத்தா ஒண்ணும் சொல்ல முடியாது. பேஸ்ட் போட்டு, பழைய பிரஷ்ஷால நல்லாத் தேய்ச்சுப் பளபளன்னு எடுத்துட்டு வாங்க. காசுன்னா அப்படித்தான் வச்சுக்கணும்.”

தங்கை புருஷனுக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்த மனைவி, “இவருக்குத் தெரியாததா?” என்று பெருமைப்பட்டுக்கொண்டாள்.

அந்த வாரம் முழுக்க அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷம் அதைவிட அதிகம்.

மறு ஞாயிறு சகலை வந்தார். காசு அதே அழுக்கோடு, அதே கோலத்தில் இருந்தது.

“தப்பா நினைக்காதீங்கண்ணா. பேஸ்ட்டைக் கையில எடுத்தேன், மனசு வரல. பழசா இப்படியே இருந்தாத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு.”

இவருக்குப் பொசுக்கென்று போயிற்று.

“அவர் பேச்சை ஏன் தட்டுறீங்க தம்பி? இங்க பாருங்க!” என்று உள்ளேயிருந்து வந்தாள் மனைவி. இவருடைய பெட்டியை மேஜைமேல் வைத்துத் திறந்தாள். கரும்பழுப்பேறிக் கிடந்த செப்புக் காசுகள் எல்லாம் புதுச் சட்டைப் பொத்தான்களைப்போல மின்னின. இவர் பக்கம் திரும்பினாள். “உங்களுக்கு எங்க நேரம்னு வாரம் பூரா நானே உக்காந்து தேய்ச்சேங்க. விரல் நுனியெல்லாம் தேஞ்சே போச்சு.”

கத்த வாயைத் திறந்தார். என்ன சொல்லிக் கத்துவது? தேய்க்கக் கூடாது என்றால், பின்னே சகலையை ஏன் தேய்க்கச் சொன்னீர்கள் என்று இருவரும் கேட்பார்களே.

“நல்லா இருக்கு,” என்றார்.

சகலை தன் காசைக் கைக்குட்டையில் சுருட்டிப் பையில் வைத்தபடி அந்தப் பெட்டியையே பார்த்தார். “உங்களப் பாத்தாப் பொறாமையா இருக்குண்ணா,” என்றார்.