குளுக்கோஸ் போட்ட குடுவை

பாக்டீரியாவுக்குக் கண் கிடையாது, மூக்கு கிடையாது. ஆனாலும் சாப்பாடு எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியும். கொஞ்ச தூரம் நேராக நீந்தும், நின்று உருளும், வேறு திசையில் கிளம்பும். போகப்போக ருசி கூடினால் அதே வழியில் போய்க்கொண்டிருக்கும். குறைந்தால் சட்டென்று திசை மாற்றிக்கொள்ளும். எனக்கு அந்தப் புத்தி இருந்ததில்லை.

எழுபதுகளில் கல்கத்தாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். இந்த நீச்சல் ஆராய்ச்சி என் பக்கத்து மேசைக்காரியுடையது. என்னைவிட ஒரு வருஷம் பின்னால் சேர்ந்தவள். ஹவுராவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ரயில்வேக்காரர் மகள். தமிழில் பேசினாலும் அக்கா என்பதற்கு வங்காளத்தில் ‘தீதி’ என்றுதான் என்னைக் கூப்பிடுவாள். மெல்லிய கண்ணாடிக் குழாயில் பாக்டீரியாவுக்குப் பிடித்த அமினோ அமிலத்தை நிரப்பி, பாக்டீரியா இருக்கும் நீரில் வைப்பாள். எத்தனை உள்ளே நீந்தி வந்தன என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் எதுவும் வரவில்லை.

“என்ன கேடு தீதி இதுங்களுக்கு? கிடந்த இடத்துலயே கிடக்குதுங்க. வருஷக் கடைசிக்குள்ள ரிசல்ட் காட்டலேன்னா என் ஃபெலோஷிப் போச்சு.”

எல்லோருக்கும் பாக்டீரியா வளர்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொள்ளைப் பெருமை. அப்போது தினமும் லோட்ஷெடிங். கரண்ட் போனால் குடுவைகளைக் குலுக்கும் மெஷின் நின்றுவிடும், வளர்ச்சி படுத்துவிடும். கரண்ட் இருக்கும் நேரத்துக்குள் மளமளவென்று பெருகட்டும் என்று வளர்ப்பு நீரில் குளுக்கோஸ் போட ஆரம்பித்தேன். குடுவை கஞ்சித் தண்ணீர்போல் வெளுத்து வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சந்தோஷம். நான் குளுக்கோஸ் போடுவதை யாரிடமும் சொல்லவில்லை. அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

பேராசிரியர் ஒருநாள் என்னிடம் கேட்டார், அவள் வேலை ஏன் இப்படி இழுக்கிறது என்று. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! அவள் கை முரடு, பிப்பெட் குழாயால் வேகமாக உறிஞ்சி உறிஞ்சி விடுகிறாள், அதில் பாக்டீரியா நீந்துகிற வால் அறுந்துபோகிறது என்று என் அரைகுறை வங்காளத்தில் அளந்துவிட்டேன். அவளும் அங்கேதான் நின்றாள். தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள்.

ஃபெலோஷிப் நீட்டிக்கப்படவில்லை.

அந்த வாரமே ஸ்டோரில் குளுக்கோஸ் தீர்ந்துபோனது. அது இல்லாமலே வளர்த்தேன். சும்மா ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால், அடேயப்பா, அத்தனையும் குறுக்கும் நெடுக்கும் பறக்கின்றன! குளுக்கோஸ் தாராளமாகக் கிடைத்தால் இந்த ஜந்து வாலே வளர்ப்பதில்லை. எங்கேயும் போகவேண்டிய அவசியம் அதற்கு இல்லை. அவள் கையில் ஒரு குற்றமும் இல்லை.

நாலு நாள் கழித்து அவள் மேசையைக் காலி செய்ய வந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்; பேராசிரியர் அவளை மறுபடி சேர்த்துக்கொண்டிருப்பார். ஆனால் என் தீசிஸ் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. “உடம்பைப் பாத்துக்கோம்மா,” என்றேன். சீ, நானும் ஒரு மனுஷியா!

ஏழெட்டு வருஷம் போயிருக்கும். ஹவுராவிலிருந்து வரும் படகில் அவளைப் பார்த்தேன். மடியில் பெண் குழந்தை. அடுத்த கரை வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள், திட்டினால் தேவலை என்று இருந்தது.

அவள் திட்டவில்லை.

“அப்ப என் கை நல்லாத்தான் இருந்துச்சா, தீதி?” என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். படகு கரையில் இடித்து நின்றது. எழுந்திருக்காமல் சொன்னாள்: “இவளுக்கு ஜுரம் வந்தா மருந்தை நான் அளந்து ஊத்தறதில்ல. எவ்வளவு அழுதாலும், இவ அப்பா ஆபீஸ்லேர்ந்து வர்ற வரைக்கும் காத்திருப்பேன்.”