இசக்கிபாண்டியின் ஒற்றை ரன்

தீப்பெட்டி ஆபீஸ் அணிக்கும் மில் அணிக்கும் கிரிக்கெட் என்றால், கோவில்பட்டி மைதானத்து உடைமர நிழலில் ஸ்கோர் புக்கோடு உட்கார்ந்திருப்பவர் இசக்கிபாண்டிதான். தீப்பெட்டி ஆபீஸில் குச்சிகளை மருந்தில் முக்குகிற வேலை. ஆட வராது, எழுத வரும். எவன் எவனோ அடித்ததையெல்லாம் முத்துமுத்தாக எழுதியவருக்கு, தன் பேருக்கு நேரே ஒரே ஒரு ரன்னாவது ஏறிப் பார்த்துவிட வேண்டும் என்று தீராத ஆசை.

எழுத்தில் மகா பிடிவாதக்காரர். "அம்பயர் என்ன காட்டுதாரோ அதைத்தான் எழுதுவேன்" என்பார். ஒருமுறை மனைவி ராதாமணியின் தம்பி செண்பகராஜ் நாற்பத்தொன்பதில் நின்று ஒரு ரன் ஓடினான். அம்பயரோ முழங்காலைத் தூக்கித் தட்டிவிட்டார். பந்து காலில் பட்டதாம். ரன் அணிக்குச் சேரும், அவன் பேரில் ஏறாது. மட்டையில் பட்ட சத்தம் மைதானத்துக்கே கேட்டது. இசக்கிபாண்டி அசைந்து கொடுக்கவில்லை. அடுத்த ஓவரில் செண்பகராஜ் அவுட். வீட்டில் ஒரு வாரம் உப்பில்லாத குழம்பு.

தொண்ணூற்றெட்டு கோடையில், மில் அணியை முதல்முதலாக ஜெயிக்கிற நேரம் வந்தது. வேண்டியது ஒரு ரன், கையில் ஒரே விக்கெட். கடைசி ஆளுக்குப் புதூரில் பஸ் கிடைக்கவில்லை.

"அத்தான், நீங்கதான் இறங்கணும்" என்று மட்டையைத் திணித்தான் செண்பகராஜ். சோற்றுவாளியோடு வந்திருந்த ராதாமணி புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தே எல்லாம் பழகியவள்.

இருந்த ஒரே ஜோடி பேடை, ஆடுகிற இரண்டு பேரும் ஆளுக்கொரு காலில் கட்டிக்கொள்வது அணி வழக்கம். பந்து சரியாகப் பேடு இல்லாத காலில் வந்து அடித்தது. உயிர் போகிற வலி. ஆனாலும் நொண்டியபடி ஓடிச் சேர்ந்தார். சனம் ஓவென்று உள்ளே பாய்ந்தது. அம்பயர் முழங்காலைத் தொடவே இல்லை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று மனசு கெஞ்சியது. முடியவில்லை அவரால். நொண்டிக்கொண்டே ராதாமணியிடம் போனார்.

"ஏட்டி, அது கால்ல பட்டது. என் பேர்ல எழுதாத."

"அம்பயர் காட்டுனாரா?"

"காட்டல. ஆனா..."

"காட்டாம நான் எப்படி எழுதுவேன்?" என்றவள், 'இசக்கிபாண்டி, 1, நாட் அவுட்' என்று அழுத்தி எழுதினாள். செண்பகராஜ் விழுந்து விழுந்து சிரித்தான். இசக்கிபாண்டிக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த வரியை எட்டி எட்டிப் பார்த்தார். சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும், வீங்கிய காலைத் தன் மடியில் இழுத்துவைத்து எண்ணெய் தேய்த்தாள் ராதாமணி.

"கால்ல பட்டது எனக்கும் தெரியும். என் தம்பிக்கு மட்டையில பட்டது உங்களுக்கும் தெரியும்லா?"